பேர் வெட்டின கித்தார்

“…பேர் வெட்டின சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம்னு கடையில போர்டு எழுதி மாட்டினது யாருங்க, எங்க அத்தாவா?” என்றாள் என் வீட்டுக்காரி.

வெள்ளிக்கிழமை மத்தியானம். ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, கடையை மறுபடி திறப்பதற்கு முன்னால் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில், கூடத்தில் பாயை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு எலக்ட்ரிக் கித்தார் கழுத்து வேறு உடம்பு வேறாகக் கிடந்தது. கழற்றின ஸ்க்ரூக்கள் ஒரு டவராவில். கழுத்தையும் உடம்பையும் முதுகுப் பக்கம் இறுக்கிப் பிடிக்கிற பளபளப்பான இரும்புத் தகடு என் கையில். அந்தத் தகட்டில் என் பெயர் இனிஷியலோடு, கீழே ‘க.குறிச்சி’ என்று ஊரும் சேர்த்து, குடத்தின் கழுத்தில் வெட்டுவது போலக் குண்டு குண்டாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டினவன் வேறு யாருமில்லை. நானேதான்.

அவள் கேட்ட கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்தத் தகடு வரைக்கும் வந்த கதை.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்குப் பாத்திரக் கடை. அப்பாவை நாங்கள் அத்தா என்போம், என் அத்தா காலத்துக் கடை. பொருளை எடுத்துக் கொடுப்பதும் பில் போடுவதும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். பேர் வெட்டுவது மட்டும் நான். பேனா மாதிரி பிடித்துக்கொள்கிற சின்ன மிஷின் அது, கொர்ரென்று கத்தும். மனுசன் மனசில் இருப்பது முழுக்க அந்த மிஷினுக்கு முன்னால் வந்து நிற்கும்போதுதான் வெளியே வரும். மருமகளுக்கு வாங்கின குடத்தில் ‘பத்திரம்’ என்று மட்டும் வெட்டச் சொன்ன அம்மாவை எனக்குத் தெரியும். “பேரு வேணாமாம்மா?” என்று கேட்டதற்கு, “பேர் அவளுக்குத் தெரியும். பத்திரம்தான் தெரியாது” என்றாள். இட்லிப் பானையில் ‘என் சொந்தக் காசில் வாங்கியது’ என்று வெட்டிக்கொண்டு போன ஆசிரியையும் உண்டு. பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவன் நான். படித்ததெல்லாம் இந்த மாதிரிப் பேச்சுகளைத்தான்.

கித்தாரும் அப்படித்தான், நானாகக் கற்றுக்கொண்டது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. போன் வீடியோவைப் பார்த்து, கடைக்குப் பின்னால் அண்டாக்களுக்கு நடுவே குந்திக்கொண்டு, ஐம்பதை நெருங்குகிற வயசில் ஆரம்பித்தேன். நான் வாசித்தால் பக்கத்து அண்டாவும் சேர்ந்து முனகும். எதிர்க்கடைக்காரர் ஒருநாள் வந்து, “பாய், நீங்க நல்லா வாசிக்கிறீங்க. அண்டாதான் உங்களைக் கெடுக்குது” என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ளாமல் வேறு என்ன செய்ய.

முதலில் இருந்த மரக் கித்தாரை ஆன்லைனில்தான் வாங்கினேன். ஒரு கோடை முடிவதற்குள் அதன் கழுத்து வில்லாக வளைந்துவிட்டது. அதற்கு முன்னால் ஆன்லைனில் வாங்கின தொலைநோக்கியில் பார்த்தால் பக்கத்து வீடு தூரமாகத் தெரிந்தது. தோல் செருப்பு என்று வந்தது முதல் மழையிலேயே அட்டையாகிக் கரைந்தது. அதனால் நான் எலக்ட்ரிக் கித்தார் பேச்சை எடுத்தபோது வீட்டுக்காரி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. காய் நறுக்கிக்கொண்டே அமைதியாகச் சொன்னாள்.

“வாங்குங்க. ஒரிஜினல்னா வூட்ல இருக்கட்டும், நானே இடம் ஒதுக்கித் தரேன். இதுவும் டூப்ளிகேட்னா திருப்பிக் குடுத்துட்டு, அதோட இந்தக் கித்தாரு பேச்சே வேணாம். இன்னா, சம்மதமா?”

சம்மதம் என்றேன். எனக்கு அப்போது அது சின்ன நிபந்தனையாகத்தான் பட்டது.

பழைய சாமான் விற்கிற ஆப்பில் அதைப் பார்த்தேன். அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனி இருக்கிறது. கித்தார் தொட்ட எவனும் தூக்கத்தில்கூட அதன் பேரைச் சொல்லுவான். தலையில் அந்தப் பேர் எழுதின வெளிர் மஞ்சள் கித்தார். விற்கிறவர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் கிடைத்திருக்கிறது, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று போட்டிருந்தார். கச்சிராயபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது மேகம் வீட்டுத் திண்ணைவரைக்கும் இறங்கியிருந்தது. கரண்டு இல்லை. “இங்க கரண்டு விருந்தாளி மாதிரி சார். எப்ப வரும்னு சொல்ல முடியாது, வந்தா விட மனசு வராது” என்றார் வாத்தியார். ஆகவே எலக்ட்ரிக் கித்தாரை எலக்ட்ரிக் இல்லாமலே வாசித்துப் பார்த்தேன். கொசு தும்மினது போல ஒரு சத்தம் வந்தது. ஆனால் கழுத்து கைக்குள் வந்து உட்கார்ந்த விதம் இருக்கிறதே, வெகுநாள் பழகின ஆளின் தோளில் கை போட்ட மாதிரி இருந்தது. அங்கேயே என் வியாபாரப் புத்தி படுத்துவிட்டது. பாத்திரம் வாங்க வருகிறவர்கள் ஒரு பொருளைப் பிடித்துவிட்டது என்பதை எப்படி முகத்தில் காட்டிக் கெடுத்துக்கொள்வார்களோ, அப்படி நின்றேன்.

வாத்தியார் நல்ல மனுசர். “எனக்கும் ஒரிஜினல்னு சொல்லித்தான் குடுத்தாங்க. நான் நம்பினேன். நீங்களும் நம்பணும்னு சொல்ல மாட்டேன். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் இங்கதான் இருப்பேன். டூப்ளிகேட்னு தெரிஞ்சா கொண்டுவாங்க, பணத்தைத் திருப்பித் தந்துடறேன். நான் குடுத்தது எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும், அவ்வளவுதான்.”

நான் கடையில் ஒரு நாளைக்குப் பத்து பேரிடம் சொல்கிற அதே வார்த்தை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இறங்குகிற பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் ஒரு மலைக்கார அம்மா, காலடியில் புளி மூட்டை. என் மடியில் கித்தார்ப் பை.

“இன்னா பாய் அது, வீணையா?”

“கித்தாரும்மா. கரண்டுல பாடும்.”

“கரண்டு இல்லாட்டி?”

“பாடாது.”

ரெண்டு வளைவு திரும்புகிற வரைக்கும் யோசித்தாள். “இது மாப்பிள்ளையா வந்திருந்தா எங்க ஊர்ல பொண்ணு குடுக்க மாட்டோம்” என்றாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பையை மட்டும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கித்தாரைக் கடைக்கு எடுத்துப் போனேன். அன்றைக்கு ஒரு கல்யாணச் சீர் ஆர்டர். குத்துவிளக்கிலிருந்து கரண்டி வரைக்கும் எல்லாவற்றிலும் பேர் வெட்டி முடித்தேன். மிஷின் இன்னும் சூடாகக் கையில் இருக்கிறது. மேசையில் கித்தார் குப்புறக் கிடக்கிறது. அதன் முதுகில் அந்தத் தகடு. மேல் ஓரத்தில் ஏதோ நம்பர், கீழே முழுக்கக் காலி இடம், கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு.

எங்கள் ஜனத்துக்கு ஒரு வழக்கம். பேர் இல்லாத பாத்திரம் பாத்திரமே இல்லை. விசேஷ வீட்டுக்கு அண்டா போகும், சாவு வீட்டுக்குக் குண்டான் போகும், பேரை வைத்துத்தான் வீடு திரும்பும். புதுச் சாமான் வந்தால் தண்ணீர் பிடிப்பதற்கு முன்னால் பேர். இதை நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். கை செய்தது. கொர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தூசியை ஊதிவிட்டுப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, எழுத்து அம்சமாக விழுந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை என்ற வார்த்தையோ, எப்படி இருந்துச்சோ அப்படியே என்ற வார்த்தையோ என் மண்டைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அது ஒரிஜினல்தானா என்ற கேள்வியே பேர் வெட்டின பிறகுதான் வந்தது. கிளப்பிவிட்டவர் சங்கராபுரம் பக்கத்து விவசாயி ஒருவர். பால் கேன் வாங்க வந்தவர். நான் வழக்கம்போல மேசை டிராயரிலிருந்து காந்தத்தை எடுத்து, கேன் மேல் வைத்துக் காட்டி, “பாருங்க, ஒட்டல. நல்ல எவர்சில்வர்ல காந்தம் ஒட்டாது” என்று என் பாட்டைப் பாடினேன். அவர் கித்தாரைப் பார்த்தார்.

“அது இன்னா விலை பாய்?”

“அது விக்கிறதுக்கு இல்லைங்க. அமெரிக்கா சாமான். ஒரிஜினல்.”

“காந்தம் வெச்சிப் பாத்தீங்களா?”

கேலிக்குத்தான் கேட்டார். நான் நிஜமாகவே எடுத்து வைத்தேன். கம்பிகளுக்கு அடியில் சத்தத்தைப் பிடிக்கிற பட்டைகள் இருக்குமே, அதன் பக்கத்தில் கொண்டுபோனதுதான் தாமதம், காந்தத்தை என் கையிலிருந்து பிடுங்கி டப்பென்று ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

“போச்சு பாய்” என்றார் அவர், துக்கம் விசாரிக்கிற குரலில். “கலப்படம் ஜாஸ்தி போல.” பால் கேனுக்குக் கொஞ்சம் குறைத்துக் கேட்டார், நானும் இருந்த மனநிலையில் குறைத்துக் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வரைக்கும் இழவு விழுந்தவன் போல உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் ஒரு வீடியோவில் தெரிந்தது, அந்தப் பட்டைகளே காந்தம்தான் என்று. காந்தம் இருந்தால்தான் கம்பியின் அசைவு சத்தமாக மாறும். காந்தம் இல்லாவிட்டால் அது பலகை. ஆயுசு முழுக்க எவர்சில்வர் விற்றவன், காந்தத்தின் மேல் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டுக் கலப்படம் என்று அழுதிருக்கிறேன். கேனுக்குக் குறைத்த காசைப் போய்க் கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அதற்குப் பிறகு வீடியோ பார்ப்பதே வேலையாயிற்று. வெள்ளைக்காரர் ஒருவர் சொன்னார், ஒரிஜினல் என்றால் தலையில் இருக்கிற எழுத்து வார்னிஷுக்கு அடியில் இருக்கும், நகத்தால் தடவினால் தட்டுப்படாது என்று. தடவினேன், தட்டுப்படவில்லை. சந்தோஷமாக வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, தகட்டுப் பக்கம் என் வயிற்றில் ஒட்டி இருக்கும்படி பிடித்துக்கொண்டு, தடவிப் பார்க்கச் சொன்னேன். “ஏதோ தட்டுப்படுதுங்க” என்றாள். மிஷின் பிடித்துப் பிடித்து என் விரலில் உணர்ச்சியே கம்மி என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. “உன் நகம் நீளம்” என்றேன். சாதகமாக வந்த சோதனையை நம்பினேன். பாதகமாக வந்தால் சோதனையே சரியில்லை என்றேன். ஓட்டு எண்ணுகிற இடத்தில் நிற்கும் கட்சிக்காரன் மாதிரி.

உண்மையில் எனக்கு அது ஒரிஜினலா என்று தெரிந்துகொள்ளும் ஆசை இல்லை. அது ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது. இதற்குள் அதைச் சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் சொருகி வாசித்தும் பார்த்துவிட்டேன். அண்டாக்கள் முனகவில்லை. எல்லாம் கேட்டன. பேசிப் பேசியே பொழுதைப் போக்குகிற எனக்கு, வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்த நேரம் அது ஒன்றுதான் என்று தோன்றியது. திருப்பிக் கொடுத்தால் அதோடு முடிந்தது. வாக்கு கொடுத்திருக்கிறேன்.

போனில் கித்தார்க்காரர்களின் குழு ஒன்று உண்டு. தமிழ்நாடு முழுக்க ஆட்கள், யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. படங்களை எடுத்துப் போட்டு, ‘ஒரிஜினலா சொல்லுங்க’ என்று கேட்டேன். முன்பக்கம், தலை, கம்பி முறுக்குகிற காது, முதுகு என்று கல்யாணத்துக்குப் பெண் படம் அனுப்புவது போல எல்லாம் போட்டேன்.

‘ஒரிஜினல் ஜி, விடாதீங்க’ என்றார் ஒருவர்.

‘டூப்ளிகேட் ஜி, விட்டுடுங்க’ என்றார் அடுத்தவர்.

மூன்றாவது ஆள் முதுகுப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்திருக்கிறார். ‘ஜி, அமெரிக்காக்காரன் எப்போலருந்து தமிழ்ல பேர் வெட்டுறான்?’

அதற்குக் கீழே இன்னொருவர்: ‘க.குறிச்சின்னா கலிபோர்னியா குறிச்சிங்களா ஜி?’

அப்புறம் குழு என் கையில் இல்லை. சிரிக்கிற மூஞ்சிகளாக வந்து விழுந்தன. ஒருவர் மட்டும், ‘யார் வெட்டியிருந்தாலும் கையெழுத்து முத்து முத்தா இருக்கு. எங்க வீட்டுக் குக்கர்ல வெட்டித் தருவாரா?’ என்று கேட்டார். அந்த நிலைமையிலும் எனக்கு அது பிடித்திருந்தது.

சிரித்து முடித்த பிறகு ஒருவர் பொறுமையாக எழுதினார். கழுத்தைக் கழற்றிப் பாருங்கள், கழுத்தின் அடியில் கம்பெனி முத்திரை இருக்கும், அது உட்கார்கிற பள்ளத்தில் பெயின்ட் படாத மரம் தெரியும், அதைப் பார்த்தால் போதும் என்று. கடைசியில், ‘ஆனா திருப்பிக் குடுக்கிற எண்ணம் இருந்தா பேர் வெட்டியிருக்கக் கூடாது சார்’ என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்தபோதுதான் வாத்தியார் சொன்னது மண்டையில் இறங்கியது. ஃபேனைப் போட்டிருந்தும் எனக்கு வேர்த்தது.

அப்படித்தான் வெள்ளிக்கிழமை மத்தியானம் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தேன். மறுநாள் வாத்தியாரின் கெடு. வீட்டுக்காரி சமையலறையில் பாத்திரம் ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தாள். ஸ்க்ரூவைக் கழற்றினேன், கழுத்து மெதுவாகக் கையோடு வந்தது. அடியில் முத்திரை இருந்தது. வீடியோவில் காட்டின அதே எழுத்து, அதே வளைவு. ஒரு பெருமூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடிவதற்குள் பள்ளத்தைப் பார்த்தேன்.

மஞ்சள் மரம். வெளிர் மஞ்சள் இல்லை, நல்ல மஞ்சள். அந்த மரத்தை எனக்கு அமெரிக்காக்காரன் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்யாணச் சீரில் வைக்கிற மணைப்பலகையை நாங்கள்தான் விற்கிறோம், அது பலா. இதுவும் பலா. யாரோ ஒரு புண்ணியவான் அமெரிக்கக் கழுத்தை எங்கிருந்தோ பிடித்து, நம்மூர் ஆசாரியிடம் உடம்பு செய்து, பெயின்ட் அடித்து ஒட்டியிருக்கிறார். தலை ஒரிஜினல். உடம்பு மணைப்பலகை.

பின்னால் நிழல் விழுந்தது. வீட்டுக்காரி குனிந்து பள்ளத்தைப் பார்த்தாள்.

“இன்னாங்க இது, மணைப்பலகை மாதிரி இருக்கு?”

அவளிடம் மறைக்க இனி ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பாதி நிஜம் பாதி பலா என்பதையும், வாத்தியாரின் கெடுவையும். சொல்லும்போதே தகட்டை உள்ளங்கையில் கவிழ்த்து வைத்திருந்தேன். அவள் என் விரலைப் பிரித்து அதை எடுத்துப் பார்த்தாள். படித்தாள். திரும்பப் படித்தாள்.

“பஃப் அடிச்சா போயிடும்” என்று அவசரமாகச் சொன்னேன். “கடை மிஷின்ல ரெண்டு தேய்ப்பு. பேர் இருந்த இடமே தெரியாது. நாளைக்குக் காலை பஸ்ஸுக்கே மலைக்குப் போய்க் குடுத்துட்டு வந்துடறேன். நீ சொன்ன மாதிரியே.”

“அவரு உங்களை நம்பிக் குடுத்திருக்காரு. பேரை வெட்டி, அதைத் தேய்ச்சி, ஒண்ணும் தெரியாத மாதிரி ஒருத்தன் நம்ம கடைக்குக் கொண்டாந்தா நீங்க எடுத்துப்பீங்களா?” என்று ஆரம்பித்தாள். நான் முதலிலேயே சொன்ன அந்த போர்டு பேச்சு அதற்கு அடுத்தது.

போர்டு எழுதினது நான்தான். சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு. “நான்தான்” என்றேன். தகட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

திருப்பிக் கொடுக்க வழியில்லை என்றதும் உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் எழும்பியது, அதை முகத்தில் வராமல் அமுக்குவதே பெரும் பாடாக இருந்தது. அதே நேரத்தில் பயம். டூப்ளிகேட் வீட்டில் வேண்டாம் என்று சொன்னவள் அவள். கடையில் பழைய பாத்திரத்தை மாற்ற யாராவது கொண்டுவந்தால், தராசில் போடுவதற்கு முன்னால் அதை ஒரு பார்வை பார்ப்பாள். பாயில் ரெண்டாகக் கிடந்த கித்தாரை இப்போது அந்தப் பார்வைதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடைக்குப் போட்டா பலாவுக்கு ஒண்ணும் வராது” என்றேன், நானாகவே.

அவள் உள்ளே போய், குக்கர் கைப்பிடி மாட்டுகிற ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே பாயில் உட்கார்ந்தாள். கழுத்தைப் பள்ளத்தில் வைத்து அமுக்கிப் பிடிக்கச் சொன்னாள், பிடித்தேன். தகட்டை வாங்கி முந்தானையால் துடைத்து, பேர் தலைகீழாக வராமல் திருப்பி வைத்து, டவராவிலிருந்து முதல் ஸ்க்ரூவை எடுத்து முடுக்க ஆரம்பித்தாள்.